தாய் தகப்பனோடு வந்த பிள்ளை

“செவ்வாய். காலையிலிருந்து மழை. பெண் பிள்ளை, வயது பதினாறு. கடல் அட்டை வழக்கு. தாய் தகப்பன் இருவரும் கூடவே வந்திருக்கிறார்கள். தூக்குச்சட்டியில் சோறு. நல்ல குடும்பம் என்று தோன்றுகிறது.”

என் நாட்குறிப்பில் ஓர் ஐப்பசி மாதப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு இது. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். தேதி இல்லாமல் எதையும் எழுதுவது எனக்குப் பிடிக்காது. வீட்டில் வாங்கிய மிக்சிக்குக்கூட வாங்கிய நாளை அடியில் ஒட்டி வைத்திருப்பவள் நான். ஆனால் சிறார் வழக்கில் பேரும் ஊரும் மட்டுமல்ல, ஆண்டும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு சிற்றூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைக்கு நான் வைக்கும் பேர் கனி.

அந்தக் குறிப்பின் கடைசி வரி தவறு. அது எப்படித் தவறாயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர்களாகிய உங்களோடு அரை நாள் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களில் ஒருவர் கேட்டார்: “பையன்கள் வருவது புரிகிறது மேடம். பெண் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள்?” வழக்கமான பதில்களைச் சொன்னேன். வறுமை. வீட்டில் அடி. காதல் என்று நம்பி யாருடைய பையையோ தூக்கியது. பள்ளியை விட்டு நின்றது. எதுவும் பொய்யில்லை. இது பற்றி எழுதப்பட்டதில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் முப்பது வருடமாக வாசித்திருக்கிறேன். புத்தகங்களும் இவற்றைத்தான் சொல்கின்றன. பேருந்தில் வீடு திரும்பும்போது, நான் சொன்ன எந்தப் பதிலுக்குள்ளும் கனி அடங்கவில்லை என்று உறைத்தது.

நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் சேர்ந்த சில மாதங்களிலேயே பழகிவிடுவீர்கள். இளைஞர் நீதிக் குழுமத்தின் வாசலில் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் முதலில் கேட்பது, “யாரு வந்திருக்கா?” என்பதுதான். பையன் பிடிபட்டால் தாய் வருவாள், சித்தப்பா வருவார், சில நேரம் தெருவே வரும். பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். “எங்களுக்கு அப்படி ஒரு பிள்ள பொறக்கவே இல்லன்னு எழுதிக்கோங்க” என்று போனை வைத்த தகப்பன்மார் குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. அதனால் பெண் பிள்ளையோடு தாயும் தகப்பனும் சேர்ந்து வந்து நின்றால், நம் மனம் இளகிவிடும். அலுவலகம் முழுக்கவே இளகும். அறிக்கையின் பாதி அப்போதே மனதுக்குள் எழுதி முடிந்துவிடும்: பெற்றோர் பொறுப்பில் ஒப்படைக்கலாம்.

கனி வந்த அன்றும் அப்படித்தான்.

நடந்தது இதுதான். அவர்கள் ஊரில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால், பனங்காட்டு ஓரத்தில் ஒரு கொட்டகை. அங்கே கடல் அட்டையை அவித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தகவல் வந்து வனத்துறையினர் போனார்கள். பிடிக்கவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் உயிர் அது. அக்கரைக்கு, இலங்கைக்குப் போய்விட்டால் பெரிய விலை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. ஒரு மோட்டார் பைக் மட்டும் நின்றது. அது கடைக்கார அண்ணாச்சியின் மகன் பேரில் இருந்தது. மறுநாள் காலையில் அண்ணாச்சியும் அவர் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குத் தாங்களாகவே வந்தார்கள். செய்தது மகள்தான் என்றார்கள். மகளும் ஆமாம் என்றாள்.

நான் முதலில் பார்த்தபோது கனி குழுமத்தின் வராந்தாவில் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் மின்ன இறுக்கிப் பின்னியிருந்தது. சுடிதாரில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, மீன் முள்ளை எடுத்துவிட்டு மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு நாளா இந்த வேலை செஞ்ச?” என்று கேட்டேன்.

“ரொம்ப நாளா.”

“சரக்க யாரு வாங்கிட்டுப் போவா?”

“ஒருத்தர் வருவாவ. பேரு தெரியாது.”

“பைக்க யாரு ஓட்டிட்டு வந்தா?”

“நாந்தான்.”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“நல்லா ஓட்டுவேன் மேடம். எங்க அண்ணனுக்கே நாந்தான் கத்துக் குடுத்தேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏளா, வாய மூடிட்டுத் தின்னு” என்று மகளின் தோளில் செல்லமாகத் தட்டினாள். அண்ணாச்சியும் சிரித்தார். காவலுக்கு நின்ற பெண் காவலரும் சிரித்தார். அந்த வராந்தாவில் அப்படிச் சிரிப்புக் கேட்பது அபூர்வம். அன்று மாலைதான் நல்ல குடும்பம் என்று எழுதினேன்.

பெண் பிள்ளைகளுக்கான கூர்நோக்கு இல்லம் நம் மாவட்டத்தில் இல்லை. வெளியூருக்கு அனுப்ப மனமில்லாமல், என் அறிக்கை வரும்வரை நகரிலேயே ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் கனியை வைக்கச் சொல்லிக் குழுமம் உத்தரவிட்டது. வீட்டைப் பார்த்துவிட்டு வர நான் பேருந்து ஏறினேன். சம்பிரதாயமான பயணம் என்றுதான் நினைத்தேன்.

கடையில் கூட்டம் இருந்தது. அண்ணாச்சி எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். சோப்பு வாங்க வந்த ஒரு நடுவயதுப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி, கனி எப்ப வாரா?”

“வந்துருவா. மேடம் எழுதிக் குடுக்கணும்லா.”

“எழுதுவாவ, எழுதுவாவ. பொம்பளப் பிள்ளயில்லா, அதுவும் சின்னப் பிள்ள. ரெண்டு நாள்ல விட்டுருவாவ.” பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “ஏலே கப்பக்காரா! சம்பளம் வாங்குன ஒடனே தங்கச்சிக்குத்தாம்ல மொதச் சங்கிலி போடணும். கேட்டியா?”

உள்ளே இருந்து ஓர் இளைஞன் குரல் வந்தது. “போடுவம் பெரிம்மா. ஒங்களுக்கும் சேத்துப் போடுதேன், சோப்புக் கடன அடச்சிருங்க.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் என் முகத்தைப் பார்த்தார். நான் பாதிக் கலரோடு பாட்டிலைக் கீழே வைத்தேன்.

அடுக்களையில் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். அவளுக்கு எதையும் மறைக்கத் தோன்றவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அவள் அதை நினைக்கவில்லை. மகன் கப்பல் வேலைக்குப் படித்திருக்கிறான். நகையை வைத்துப் படிக்கவைத்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும் நேரம். அவன் பேரில் வழக்கு விழுந்தால் கடலில் கால் வைக்க முடியாது. யாரோ துறைமுகத்துப் பக்கம் விவரம் தெரிந்தவர் சொன்னாராம்: பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் சிறை கிடையாது, பேர் வெளியே வராது, பிற்பாடு பதிவையே அழித்துவிடுவார்கள்.

“சின்ன வயசுப் பிள்ள மேடம், அவளுக்கு என்ன, ஒண்ணும் ஆகாதுன்னு சட்டத்துலயே இருக்காம்லா. எம்புள்ள குடும்பத்துக்காவ நின்னுட்டா” என்றாள். குரலில் பெருமை இருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. இரண்டும் நடிப்பில்லை.

நம் சட்டத்தில் சிறாருக்கென்று இருக்கும் கருணை நல்லது. அதற்காகப் பாடுபட்டவர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கருணை ஓர் ஊருக்குள் போய்ச் சேரும்போது, யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளையின் கையில் அது கிடைப்பதில்லை. பெரியவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அவர்கள் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள். மழைக்குப் பக்கத்து வீட்டுக் குடையை இரவல் வாங்குவதுபோல மகளின் வயதை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் இல்லத்துக்குப் போனேன். கனி தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வரிசையாகத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். வந்த அன்றே ஆரம்பித்துவிட்டாள் என்று காப்பாளர் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேனே தவிர, யோசிக்கவில்லை.

தனியாகக் கூட்டிப் போய், உன் வீட்டுக்குப் போயிருந்தேன் என்றேன்.

“அம்மா சொல்லிட்டாளா?” என்றாள் உடனே. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “அவளுக்கு வாயே நிக்காது.”

“கொட்டகையில நீ ஒண்ணுமே செய்யலியா கனி?”

“செஞ்சேன் மேடம். தண்ணி கொண்டு ஊத்துவேன், அடுப்பு பாத்துக்கிடுவேன். பொய்யில்ல. எல்லாரும் செஞ்சோம்.”

“எல்லாரும் செஞ்சதுக்கு நீ மட்டும் ஏன் வந்த? அடிச்சாங்களா?”

“யாரும் ஒரு சொல்லு சொல்லல” என்றாள். “எங்க வீட்டுல எதுக்கும் என்கிட்ட கேக்க மாட்டாவ மேடம். என்ன குரூப்பு எடுக்கணும்னுகூட அண்ணன்தான் சொன்னான். அன்னைக்கு நாலு பேரும் ஒண்ணா உக்காந்தோம். அப்பா என் மூஞ்சியப் பாத்து, ‘கனி, நீ என்னளா சொல்லுத?’ன்னு கேட்டாவ. அப்பா கேட்டாவ மேடம்! நான் சரின்னேன். அண்ணன் அழுதுட்டான். காலைல அம்மா எண்ண தேச்சுக் குளிப்பாட்டி விட்டா. மொத வட்டச் சோறு எனக்குத்தான் வச்சா. கல்யாணத்துக்குப் பொறப்படுத மாதிரி இருந்துச்சு.”

நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

“எழுதிராதீங்க மேடம்” என்றாள். “எழுதுனா அண்ணனும் போவான், அப்பாவும் போவாவ. பொறவு எனக்கு வீடு கெடையாது.”

மறுநாள் காலை அறிக்கை போக வேண்டும். ஒரு பக்கம், உண்மையை எழுதினால் அவள் சொன்னது நடக்கும். வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர் அவளுக்குத்தான், எனக்கு இல்லை. இன்னொரு பக்கம், எழுதாமல் விட்டு அவளை அந்த வீட்டுக்கே அனுப்பினால், ஒருமுறை இரவல் வாங்கியவர்கள் மறுமுறையும் வாங்குவார்கள். இந்த இடத்தில் உங்களுக்கு எந்த விதிமுறையும் கைகொடுக்காது. அறிக்கைப் படிவத்தில் குடும்ப வருமானத்துக்கு இடம் உண்டு, நண்பர்கள் பழக்கவழக்கத்துக்கு இடம் உண்டு. ஒரு தகப்பன் மகளிடம் முதன்முதலாக அபிப்பிராயம் கேட்டதற்கு அதில் இடம் இல்லை.

நான் கேட்டதையும் பார்த்ததையும் அப்படியே எழுதினேன். பிள்ளை தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை என்பதையும் எழுதினேன். பெற்றோரிடம் திருப்பி அனுப்ப வேண்டாம். ஏரலில் இருக்கும் அவள் சித்தி, அம்மாவின் தங்கை, பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கிறாள். அங்கே தங்கிப் பள்ளிக்குப் போகட்டும் என்று பரிந்துரைத்தேன். குழுமம் ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்ததும் அண்ணாச்சி வழியை மறித்தார்.

“எங்க வீட்டுக் கலரக் குடிச்சிட்டு எங்க குடியவே கெடுத்துட்டியளே மேடம்.”

“உங்க மகளத்தான் யோசிச்சேன் அண்ணாச்சி.”

“நான் என்ன, அவள வித்தா போட்டேன்? எம்புள்ளய எனக்கு யோசிக்கத் தெரியாதா?”

கனி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சித்தியின் கூடையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

என் அறிக்கையை வைத்து வனத்துறை மீண்டும் விசாரித்தது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஊரிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன்மேல் எதுவும் நிற்கவில்லை. தை பிறக்குமுன் அவன் கப்பல் ஏறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

ஏரலுக்கு மாதாமாதம் போனேன். சித்தி நல்லவள். வீடு துப்புரவாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாழை. கனிக்குத் தனிப் பாய், தனித் தட்டு, படிக்க மேசை.

“ஒரு துரும்பக்கூட எடுக்க விடமாட்டேன் மேடம்” என்றாள் சித்தி. “கேஸு முடியுத மட்டும் சூதானமா வச்சிருந்து அக்கா கையில ஒப்படச்சுறணும்லா.”

கனியிடம் கேட்டேன். “எப்படி இருக்கு இங்க?”

“இங்கன நல்லாத்தான் இருக்கு மேடம். ஒண்ணும் கேக்க மாட்டாவ.”

நிம்மதியாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் ‘திருப்திகரம்’ என்று எழுதினேன். அடுத்த மாதமும் அதே சொல்லை எழுதினேன். மற்றப் பிள்ளைகளின் கோப்புகள் மேசையில் குவிந்து கிடந்தன. கனியின் கோப்புதான் எல்லாவற்றிலும் எளிதாக நகர்ந்தது.

ஒரு வருடத்துக்குமேல் போனது. ஒரு நாள் காலையில் சித்தி போன் செய்தாள். பள்ளிக்குப் போன பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. நான் எங்கெங்கோ விசாரித்துக்கொண்டிருந்தபோது மத்தியானம் வனத்துறை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. முந்தைய நாள் அதே கொட்டகையில் மறுபடியும் சோதனை நடந்து, இந்த முறை அண்ணாச்சிமேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. கனி தனியாகப் பேருந்து பிடித்து அலுவலகத்துக்கு வந்து, சரக்கு என்னுடையது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போனதும் என் வாய் பழக்கத்தில் கேட்டது. “யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல மேடம்” என்றார் காவலர். “தனியாத்தான் வந்துச்சு. தண்ணி குடுத்தாக்கூட வேண்டாங்குது.”

தலை கலைந்திருந்தது. பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள்.

“யாரு உன்ன வரச் சொன்னா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

“யாரும் சொல்லல.”

“அப்பா போன் பண்ணாரா?”

“இல்ல.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சித்தி போன்ல அம்மாகிட்ட பேசினது காதுல விழுந்துச்சு. அப்பாவுக்கு நெஞ்சுவலி மேடம், உள்ள வச்சா தாங்க மாட்டாவ. என்னக் கூப்பிடுவாவன்னு பாத்தேன். விடிய விடியப் பாத்தேன். ஒருத்தரும் கூப்பிடல. சரி, நானாப் போவோம்னு வந்துட்டேன். எனக்குத்தான் இன்னும் பதினெட்டு ஆகலியே மேடம். இன்னும் ஒரு தடவ தாங்கும்லா?”

அந்தக் கேள்விக்குப் பதில் அவள் பள்ளிச் சான்றிதழில் இருந்தது. அதன்படி அவளுக்குப் பதினெட்டு முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

வீட்டுக் கணக்கில் ஆகவில்லை. அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, வயது நிறையவில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் கல்லாவையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை என்று அண்ணாச்சி வேறொரு பள்ளிக்குக் கூட்டிப் போய், பிறந்த தேதியை முன்னால் தள்ளிச் சொல்லிச் சேர்த்துவிட்டார். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். சட்டம் வயதைத் தீர்மானிக்க முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை. முதல் வழக்கில் அந்தத் தேதி யாரையும் உறுத்தவில்லை. எப்படிப் பார்த்தாலும் அப்போது அவள் சிறுமிதான். இந்த முறை அது அவளை எங்கள் குழுமத்தின் வாசலைத் தாண்டிக் கொண்டுபோய், பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவளை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள்.

நீதிமன்ற வாசலில் அண்ணாச்சி சுவரில் சாய்ந்து நின்றார். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாந்தான மேடம் கூட்டிச் சொன்னேன். ஸ்கூல்ல நாந்தான சொன்னேன்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். இந்த முறை மகளை அவர் கூட்டிவரவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்கும்.

ஜாமீன் கிடைக்க நாளானது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பிளஸ் டூ தேர்வை அவள் எழுதவில்லை. ஏரலுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. நகரில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. நான் போனால் பேசுவாள் என்று நினைக்கிறேன். போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கனி பணத்துக்காகச் செய்யவில்லை, பயத்தால் செய்யவில்லை, ஏமாந்தும் செய்யவில்லை. அந்த வீட்டில் அவள் ஒருமுறைதான் தேவைப்பட்டாள். அது குற்றத்தின் வடிவத்தில் வந்தது. வேறு வடிவத்தில் வந்திருந்தால் அதற்கும் சரி என்றிருப்பாள். வீட்டில் எல்லாரையும்போல ஓர் ஆளாக எண்ணப்படுவதற்குப் பெண் பிள்ளைகள் தரத் தயாராக இருக்கும் விலையை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம்.

அவளைப் பயன்படுத்திக்கொண்ட வீட்டிலிருந்து நான் எடுத்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவளால் எந்தப் பயனும் வேண்டாத ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவள் அங்கே ஒரு வருடத்துக்குமேல் தனித் தட்டில் சாப்பிட்டாள். இல்லத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், ஒரு காரியத்தில் யோசனை கேளுங்கள், சமையலுக்கு என்ன வாங்கலாம் என்றாவது கேளுங்கள் என்று சித்தியிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த உத்தரவும் தேவைப்பட்டிருக்காது. சோறும் பாயும் பள்ளியும் இருந்தால் மறுவாழ்வு என்று நாம் எழுதிவிடுகிறோம்.

எனவே பெற்றோரோடு வரும் பெண் பிள்ளையைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். யார் வந்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். இவள் இங்கே நிற்பதால் வீட்டில் யார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, உன்னிடம் வீட்டில் கடைசியாக யார், எதைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்கு நேரமாகும். காத்திருங்கள்.

ஓய்வு பெற்றபின் நான் ஒரு வேலை செய்தேன். அவள் உண்மையில் பிறந்த நாளைத் தேடினேன். கனியின் வழக்கறிஞர், பள்ளித் தேதியை மறுக்க நம்பகமான பிறப்புப் பதிவு ஒன்று கிடைத்தால் முயன்று பார்க்கலாம் என்றார். பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. பதிவு செய்ததாகத் தகப்பனாருக்கு நினைவு இருக்கிறது, தாயாருக்கு இல்லை. ஊராட்சியில் அந்த வருடத்துப் பதிவேடு கிடைக்கவில்லை. மழை பெய்து கரண்டு போன கார்த்திகை என்கிறாள் அம்மா. மாசி, கடைக்குச் சரக்கு வந்த நாள் என்கிறார் அண்ணாச்சி. ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள், ஆடியில், அதுவும் அவர்கள் சொல்வதற்கு ஒரு வருடம் முந்தி என்கிறாள் சித்தி. அம்மாவோ அண்ணாச்சியோ சொல்வது சரியென்றால், இரண்டாம் முறை வனத்துறை அலுவலகத்தின் படியேறியபோது கனி சிறுமி. சித்தி சொல்வது சரியென்றால், சான்றிதழில் உள்ள வயதுதான் ஏறக்குறைய உண்மை. மூவரில் யார் சொல்வதற்கும் இதுவரை எனக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. அவள் அன்று பதினேழா பதினெட்டா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.